சாதாரண நாட்களுக்குச் சாட்சி யார்?

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தோட்டம் என்று சொல்வது பழக்கத்தால்தான். ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் இருந்த அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு பால்மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். கோவில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் காரில் வந்து இறங்கி, கஞ்சி குடித்து, பழைய கதை பேசிவிட்டுத் திரும்புகிறோம்.

நான் என் பாட்டியைப் பற்றி எழுதினேன். அரியலூர்ப் பக்கத்துக் கிராமம். 1937இல், பதினேழு வயதில், அண்ணனோடு கங்காணி கூட்டத்தில் சேர்ந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அடுத்த ஆண்டே இந்திய அரசு கங்காணி வழி ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. கடைசி அலைகளில் ஒன்றில் வந்தவர் என்று சொல்லலாம். கட்டுரையில் இப்படி எழுதியிருந்தேன்: ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் நின்று கரை மறையும்வரை அழுதாள், முந்தானையில் ஒரு பிடி ஊர் மண்ணை முடிந்து வைத்திருந்தாள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. மேடையில் ஒருவர் அந்தப் பத்தியை வாசித்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அத்தைக்குக் கண் மங்கல். என் மகள்தான் அவருக்குப் படித்துக் காட்டினாள். முழுதும் கேட்டுவிட்டு அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா அழுவுச்சுன்னு ஒனக்கு யாரு தம்பி சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தை. ஆனா அழாம இருந்திருப்பாங்களா?"

"நான் அது வயித்துல பொறந்தவ. எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. மண்ணும் கொண்டாரல ஒண்ணும் கொண்டாரல. அந்தக் கல்லு ஒண்ணுதான்."

எனக்கு முகம் சுட்டது. அத்தை கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். இறந்தவர்களைப் பற்றிய சுவடு குறைவாக இருக்கும்போது, மிச்சத்தை நிரப்பிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

*

அத்தை சொன்ன கல் எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். கொக்கிபோல் வளைந்து, கனமாக, அடுக்கடுக்காக வரியோடிய கல். சின்ன வயதில் அதை ஏதோ சாமி என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். கேட்டால் பாட்டி, "எங்கூரு காட்டுல கெடந்துச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

இடைநிலைப்பள்ளியில் முப்பது வருடம் புவியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். அப்படியும் அந்தக் கல் என்ன என்று தெரிந்துகொள்ள ஓய்வுபெற வேண்டியிருந்தது. அது கிரைபியா என்ற சிப்பி. அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அந்தச் சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வயது ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலம்.

அரியலூருக்குப் போய்ப் பார்த்தேன். ஊர் முழுக்க சிமெண்ட் தூசி. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் அந்த வறண்ட பூமி, கிரிட்டேசியஸ் காலத்தில் கடலின் விளிம்பாக இருந்தது. தெற்குப் பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியே பிரிந்தபோது காவிரிப் பகுதி தாழ்ந்து, கடல் உள்ளே வந்து, போய், மறுபடி வந்தது. 1840களிலேயே இங்கிருந்து பொறுக்கிச் சென்ற சிப்பிகளை இங்கிலாந்தில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் எழுதினார். 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவே இன்றும் அடிப்படை. தமிழக அரசியல் படித்தவர்களுக்குக் கல்லக்குடி தெரியும். 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த ஊர். அங்கே சிமெண்ட் ஆலைக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல், பத்துக் கோடி ஆண்டுக்கு முன் ஆழமில்லாத கடலில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டியது.

ஆழமில்லாத கடல் என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாரும் பார்க்கவில்லையே? இந்தக் கேள்விக்குப் பதிலை நான் அரியலூரில் கற்றுக்கொள்ளவில்லை. போர்ட்டிக்சனில் கற்றுக்கொண்டேன்.

*

சின்ன வயதில் தோட்டத்து லோரியில் ஏறி போர்ட்டிக்சனுக்குக் குளிக்கப் போவோம். நீர் வற்றும் நேரத்தில் மணல் முழுக்க வரிவரியாக இருக்கும். வெறுங்காலில் நடந்தால் உள்ளங்கால் கூசும். அந்த வரிகளுக்கு இலக்கணம் உண்டு. அலை முன்னும் பின்னும் ஆட்டி உண்டாக்கிய வரியின் இரண்டு சரிவும் ஒத்திருக்கும். ஒரே பக்கம் ஓடும் நீர் உண்டாக்கியதில் ஒரு சரிவு நீண்டும் மற்றது செங்குத்தாகவும் இருக்கும். மணற்கல்லில் ஒத்த சரிவுள்ள வரியைப் பார்த்தால், அங்கே அலை எட்டும் ஆழம்தான் என்று சொல்லிவிடலாம். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அதன் ஆட்டம் அடங்கிவிடும். பாறைகளைப் படிப்பவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். இன்றைய கடற்கரையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, கல்லில் அதே அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

இதில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அமைதியான நாட்களின் அலை திறந்த கடற்கரையில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்வரை மணலைக் கிளறும். அந்த மணல் இன்று ஒரு வரி எழுதும், நாளை அதை அழித்து வேறு வரி எழுதும். எழுதுவதும் அழிப்பதும் ஒரே கை. புயல் வந்தால் கதை வேறு. புயலலை ஆழத்துக்கு இறங்குகிறது. கரையோரத்து மணலையும் சிப்பியையும் வாரி, வழக்கமான அலை எட்டாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பிறகு அதன்மேல் சேறு மெல்லப் படிகிறது. அழிக்க அங்கே அலை வருவதில்லை. அதனால் அது கல்லாகிறது. அரியலூரின் சிப்பி அடுக்குகளிலும், அப்படியே வாழ்ந்து செத்தவை உண்டு, புயலும் நீரோட்டமும் திரட்டிக் குவித்தவையும் உண்டு.

ஆயிரம் ஆண்டில் சில நாட்கள் மட்டும் கல்லில் இருக்கின்றன. மற்ற நாட்கள் இல்லை. ஆனால் கடல் இருந்தது அந்த மற்ற நாட்களில்தான். 1973இல் டெரெக் ஏகர் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் இதைப் பற்றி ஒரு சிறிய நூலே எழுதினார். பாறை வரலாற்றில் பதிவைவிட இடைவெளிதான் அதிகம் என்பது அவர் வாதம்.

எங்கள் தோட்ட வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மலரை எடுத்தாலும் ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில், 1948இன் அவசரகாலம், தோட்டத் துண்டாடல், ஆட்குறைப்பு. எல்லாம் உண்மை. தாத்தா சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். அதைச் சிறிது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவை எல்லாம் புயலடுக்குகள். பாட்டி முப்பது வருடம் மரம் வெட்டினார். வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தால் ஒன்பதாயிரம் விடியற்காலை. இருட்டில் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்குக் கட்டி, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, மங்கில் பால் எடுத்து, காண்டாவில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோய், ஒட்டுப்பால் பொறுக்கி, வீடு வந்து அம்மியில் உட்கார்ந்த ஒன்பதாயிரம் நாள். செக்ரோலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறி விழுந்திருக்கும். அந்தச் செக்ரோலும் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது.

*

இந்த இடைவெளியை என்ன செய்வது? இரண்டு வழி பழக்கத்தில் இருக்கிறது.

ஒன்று, நான் செய்தது. நிரப்பிவிடுவது. எங்கள் மலர்களின் முதல் பக்கம் பெரும்பாலும் 1025இல் தொடங்கும். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். அடுத்த பத்தியில் ரப்பர் வந்துவிடும். நடுவில் தொள்ளாயிரம் வருடம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கங்கைகொண்ட சோழபுரமும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே மாவட்டத்தில் பழம்பாறையின் மேல் நேராகக் கிரிட்டேசியஸ் கடற்படிவு உட்கார்ந்திருக்கும் இடங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டு காணவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அடுத்தடுத்து நடந்தவை என்று எந்த நிலவியலாளரும் சொல்வதில்லை. அந்தக் கோட்டை வரைந்து, இங்கே காலம் விடுபட்டிருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கிறார். நாங்கள் அந்தக் கோட்டின் மேல் பெருமையைப் பூசி மறைக்கிறோம்.

இன்னொரு வழி, பதிவில்லை என்றால் ஒன்றுமில்லை என்பது. எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல் பால், எந்த வருடம் எந்தத் துரை என்று எழுதிவிட்டு, வேலையாட்கள் என்ற ஒரு சொல்லில் ஒன்பதாயிரம் விடியற்காலையை முடித்துவிடுவது. இது நிரப்புவதைவிட மோசம் என்று நினைக்கிறேன். ஆனால் நிரப்புவது இதற்கு மருந்து ஆகிவிடாது.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். கதை எழுதுகிறவர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதி வச்சவன் எல்லாம் வெள்ளைக்காரன். நம்மாளு கையில பேனாவே இல்ல. நீயும் நானும் கற்பனை செய்யலன்னா, அவங்க இருந்ததே தெரியாமப் போயிடும். கல்லுக்கு இருக்கிற நியாயத்தை மனுசனுக்குச் சொல்லாதே."

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கதையோ நாவலோ எழுதும்போது வாசகனுக்கும் நமக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டி அழலாம், மண்ணை முடிந்துகொள்ளலாம், கப்பலிலிருந்து குதிக்கக்கூடச் செய்யலாம். நான் எழுதியது "நம் தோட்டத்தின் வரலாறு" என்ற தலைப்பின் கீழ். அதைப் படித்த என் மகள், தன் கொள்ளுப்பாட்டி அழுதாள் என்றுதான் தன் பிள்ளைக்குச் சொல்லுவாள். அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. பாட்டி ஏன் அழுதிருக்க வேண்டும்? அத்தை பிறகொரு நாள் சொன்னார்: "அங்க என்னா இருந்துச்சு? ஒரு வேள கஞ்சி. இங்க வந்துதான் வயிறாரச் சாப்ட்டேன்னு சொல்லும்." பதினேழு வயதுப் பெண். அண்ணன் கூட இருக்கிறான். முதல் முறையாகக் கடலைப் பார்க்கிறாள். அவள் சிரித்திருக்கலாம். வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருக்கலாம். நான் அவளை அழவைத்ததற்குக் காரணம், புலம்பெயர்ந்த பெண் கப்பலில் அழ வேண்டும் என்று எனக்குப் பழக்கமாகியிருந்ததுதான். அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அவளுடைய ஒரு நாளை எடுத்துவிட்டு என்னுடைய ஒன்றை அங்கே வைத்துவிட்டேன்.

அத்தையும் கப்பலில் இல்லை. அவர் இங்கே பிறந்தவர். பாட்டி அவரிடம் சொன்னதும் சொல்லாததும் மட்டுமே அவர் கையில் இருக்கிறது. சொல்லப்பட்டதும் காலத்தில் மாறும். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனையில், கலங்கரை விளக்குக்குக் கீழே அலை அடிக்கும் பாறை ஒருகாலத்தில் மணற்கல். அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி இன்று குவார்ட்சைட். மணல்மணி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொண்டதால் பழைய வரிகளை அதில் தேடிப் பிடிப்பது கடினம். தாத்தாவின் சயாம் கதையும் அப்படித்தான். நூறு தடவை சொன்னதில் இறுகிவிட்டது. ஒரு சொல் மாறாமல் வரும். ஆனால் அவர் முதலில் பார்த்தது என்ன என்பது அதற்குள் தெரியாது.

*

அப்படியானால் சாதாரண நாளைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாதா? முடியும் என்று எனக்குக் காட்டியது புழுவின் பொந்து.

கடற்பாறையில் உடல் இல்லாத சுவடுகள் இருக்கின்றன. மணலில் நேராகக் கீழே இறங்கிய குழாய், சேற்றின்மேல் ஊர்ந்த தடம், இரை தேடித் துளைத்த பாதை. செய்த உயிர் மக்கி மறைந்துவிட்டது. வேலை மிஞ்சியிருக்கிறது. 1960களில் அடோல்ஃப் சைலாக்கர் என்ற ஜெர்மானியர் இவற்றை வகைப்படுத்திக் காட்டினார். அலை மோதும் இடத்தில் வாழ்ந்தவை பெரும்பாலும் செங்குத்தாகத் துளைத்தன. அலை அடங்கிய இடத்தில் வாழ்ந்தவை கிடைமட்டமாக மேய்ந்தன. அதனால் பொந்தைப் பார்த்தே கடலின் அமைதியையும் சீற்றத்தையும் ஊகிக்கலாம். இன்னொரு சிறப்பும் இதற்கு உண்டு. சிப்பியை அலை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. அது கிடப்பது கடற்படிவில். மரம் கடலில் வளராது. எங்கோ கரையில் வளர்ந்து, நீரில் மிதந்து வந்து, கடலடியில் புதைந்தது. புதைந்த இடத்தை வைத்து அது வாழ்ந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது. பொந்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது இருக்கும் இடத்தில்தான் அந்த உயிர் இருந்தது, அந்த வேலையைச் செய்தது.

பாட்டியின் அம்மி என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. நடுவில் குழி விழுந்திருக்கிறது. பாட்டி இடது கைப்பழக்கம் என்பதால் குழி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று அத்தை தொட்டுக் காட்டியபோதுதான் நானே கவனித்தேன். பாட்டி தோளில் காண்டா அழுத்திய காய்ப்பு இருந்தது. அது அவரோடு போய்விட்டது. ஆனால் அத்தைக்கு நினைவிருக்கிறது: வலது தோளில் பெரிது, இடதில் சிறிது. இவை எதுவும் கண்ணீர் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் இங்கே, இந்த இடத்தில், இந்தப் பக்கம் சாய்ந்து, பல ஆயிரம் தடவை ஒரே வேலையைச் செய்தாள் என்று சொல்கின்றன. எந்தப் புயலும் கொண்டுவந்து போட்டதல்ல அது.

நிலவியலாளரின் குறிப்பேட்டில் எனக்குப் பிடித்த ஒழுக்கம் ஒன்று உண்டு. கண்டதை முதலில் எழுதுவார்கள்: நிறம், மணியின் அளவு, வரியின் சரிவு. ஊகத்தைத் தனியாக எழுதுவார்கள். நாளை வேறொருவர் வந்து, ஊகம் தப்பு என்று சொல்ல அதில் இடம் இருக்கும். கண்டதும் ஊகித்ததும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் அந்த இடம் போய்விடும். என் கட்டுரையில் கப்பலும் ஆண்டும் உண்மை, அழுகை என்னுடையது. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியதுதான் தவறு. "அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தால், அத்தை என்னோடு வாதாடியிருப்பார். தன் அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது பேரனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று தயங்கிக் கேட்டிருக்க மாட்டார்.

சென்ற வருடத் திருவிழா மலரில் அந்தப் பத்தியைத் திருத்தி மறுபடி எழுதினேன். அம்மியின் குழி பற்றி எழுதினேன். கப்பலைப் பற்றி, ஏறினாள் என்று மட்டும் எழுதினேன். மேடையில் யாரும் அதை வாசிக்கவில்லை. அத்தைக்கு நானே படித்துக் காட்டினேன். "இதுதான் எங்கம்மா" என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "எடது கைன்னு போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். தலையாட்டினார்.

அந்தச் சிப்பிக்கல் இப்போது என்னிடம். எனக்குப் பிறகு யாராவது அதைத் தோட்டத்துச் செம்மண்ணில் வீசினால், பின்னொரு காலத்தில் ஒருவர் எடுத்துப் பார்த்து, நெகிரி செம்பிலானில் கிரிட்டேசியஸ் கடல் இருந்ததோ என்று குழம்பக்கூடும். எடுத்த இடம் தெரியாத கல் ஆராய்ச்சிக்கு உதவாது என்பார்கள். அதனால் ஒரு சீட்டு எழுதிக் கல்லோடு கட்டி வைத்திருக்கிறேன்.

"அரியலூர்ப் பக்கம். பாட்டி 1937இல் கொண்டுவந்தது. ஏன் கொண்டுவந்தார் என்று தெரியாது."